தள்ளுவண்டிக்கு எந்தச் சக்கரம்?

குன்னத்துகால் என்ற பெயரிலேயே குன்று இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்தோ பாறசாலையிலிருந்தோ உள்ளே போகப் போக, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சாலை ஏறுவதும் இறங்குவதுமாகவே செல்லும். திருநெல்வேலி, விருதுநகர் பக்கத்துச் சமதரையில் வண்டி தள்ளிப் பழகியவர்கள் இங்கே வந்த முதல் வாரமே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே ஒரு கையால் நகர்த்திய அதே வண்டி, இங்கே இரண்டு கையாலும் தள்ளினாலும் முரண்டு பிடிக்கிறது.

இந்தப் பக்கத்தில் நம்மவர்கள் பலரின் பிழைப்புக்குச் சக்கரம் வேண்டும். துணி தேய்ப்பவருக்கு இஸ்திரி வண்டி வேண்டும். டீ, வடை, கடலை, பழம், சர்பத் விற்பவர்களுக்குத் தள்ளுவண்டி வேண்டும். இதையே மலையாளத்தில் உந்துவண்டி என்பார்கள். பகலில் ஆபீசில் கணக்கெழுதிவிட்டு, மாலையில் மனைவியின் கைமணத்தை நம்பித் தட்டுக்கடை போட நினைக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரு வண்டி வேண்டும்.

புது வண்டி வாங்கக் கை கொடுக்காதவர்கள் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். சட்டத்துக்கு ஆங்கிள் இரும்பு, தட்டுக்குப் பலகை, கூரைக்குத் தகரம் என்று ஒவ்வொன்றையும் பேரம் பேசி வாங்குகிறார்கள். ஆனால் சக்கரத்துக்கு வந்ததும், "கிடைக்கிற பழைய சக்கரத்தைப் போட்டுக் கொடுங்கள்" என்று பட்டறைக்காரர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் விலையை ஒரு தடவை கொடுத்தால் தீர்ந்தது. தப்பான சக்கரத்தின் விலையையோ தோளாலும் முழங்காலாலும் தினந்தோறும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சக்கரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் எடை

சக்கரத்தைத் தேடும் முன்பு வண்டியின் முழு எடை தெரிய வேண்டும். ஒரு டீக்கடை வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சட்டம், பலகை, கூரை எல்லாம் சேர்ந்து 110 கிலோ. வீட்டு உபயோக சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ இருக்கும். கடைக்கு உரிய சிலிண்டரில் 19 கிலோ. இரும்பையும் சேர்த்தால் 40 கிலோ என்று வையுங்கள். தண்ணீர் 40 லிட்டர் என்றால் அது 40 கிலோ. அடுப்பும் பாத்திரங்களும் 30 கிலோ, சரக்கு 20 கிலோ. ஆக மொத்தம் 240 கிலோ.

இஸ்திரி வண்டியில் சிலிண்டர் இராது. அதற்குப் பதில் கரி மூட்டை, பித்தளைப் பெட்டி, துணி மூட்டைகள், தேய்க்கும் மேடை ஆகியவை இருக்கும். இந்தக் கரிப் பெட்டிக்கு மாற்றாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றைத் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் வடிவமைத்தார். அதற்காக 2020ம் ஆண்டு ஸ்வீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசைப் பெற்றார். 2021ல் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டிலும் பேசினார். இப்படிப்பட்ட வண்டி செய்ய நினைப்பவர்கள் கரியின் எடையைக் கழித்துவிட்டு, பாட்டரி, சூரியத் தகடு ஆகியவற்றின் எடையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எதை ஏற்றினாலும் சரி, எடையைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மனக்கணக்கில் எப்போதும் குறைவாகத்தான் தோன்றும்.

ஏற்றத்தின் கணக்கு

சமமான தார்ச்சாலையில், காற்று நிறைந்த டயர் போட்ட 240 கிலோ வண்டி உருண்டுகொண்டிருக்க ஏறக்குறைய 4 கிலோ அழுத்தம் போதும். ஒரு சிறு பையனே தள்ளிவிடலாம். 20 அடி நடந்தால் 1 அடி உயரும் ஏற்றத்தில் என்ன ஆகிறது? மொத்த எடையில் 20ல் ஒரு பங்கு, அதாவது 12 கிலோ, வண்டியைக் கீழே இழுக்கிறது. பழைய 4 கிலோவும் சேர்ந்து 16 கிலோ ஆகிறது. 10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் இழுப்பு மட்டும் 24 கிலோ. தள்ள வேண்டியது 28 கிலோ.

இந்த 12, 24 கிலோவை எந்தச் சக்கரமும் குறைக்க முடியாது. உலகத்திலேயே விலை உயர்ந்த டயரைப் போட்டாலும் அது உராய்வைக் குறைக்குமே தவிர, குன்றைக் குறைக்காது. ஏற்றத்தில் உதவி செய்வது எடைக் குறைவு ஒன்றுதான். 40 லிட்டர் தண்ணீரை வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகாமல் கடை போடும் இடத்தில் பிடித்துக்கொள்ள முடியுமானால், 10க்கு 1 ஏற்றத்தில் 4 கிலோவுக்கு மேல் மிச்சம். கனமான ஆங்கிளுக்குப் பதில் சதுரக் குழாயில் சட்டம் செய்தால் இன்னும் மிச்சமாகும்.

மாட்டுவண்டி விஷயத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசாமி, மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டும், மாட்டின் கழுத்தில் விழும் பாரம் குறைய வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டார். தள்ளுவண்டிக்காரர் தமக்குரிய கணக்கைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குழியும் காற்றும்

சக்கரம் தன் திறமையைக் காட்டும் இடம் குழியும் மேடும். சாலை ஓரத்தில் 3 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு விளிம்பில் சக்கரம் முட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சக்கரத்தின் மேல் 100 கிலோ பாரம் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து அதை ஏற்ற, 28 அங்குல சைக்கிள் சக்கரம் என்றால் 44 கிலோ அழுத்தம் வேண்டும். ஸ்கூட்டர் சக்கரத்துக்கு 59 கிலோ. ஆஸ்பத்திரிக் கட்டில்களில் இருப்பது போன்ற, ஆனால் 6 அங்குலம் உள்ள கெட்டி ரப்பர் சக்கரத்துக்கு 133 கிலோ! பாரத்தைவிட அதிகம். சக்கரம் பெரிதாக ஆக, மேடு சிறிதாகிறது.

காற்று நிறைந்த டயருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விளிம்பில் முட்டும்போது டயர் அமுங்கிக் கொடுப்பதால் மேலே சொன்ன அளவு மேலும் குறையும். இந்த உண்மையை ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டு, 1845லேயே காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888ல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடித்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். அதிலிருந்துதான் டயர்த் தொழிலே பெருகியது.

எந்தச் சக்கரம் எதற்கு?

சைக்கிள் சக்கரம்: நம் ஊர்ப் பழ வண்டிகளில் பார்ப்பது இதுதான். 28க்கு ஒன்றரை அங்குல டயர் எந்தச் சிறு ஊரிலும் கிடைக்கும். எடை குறைவு, உருட்டுவது சுலபம், பஞ்சர் ஒட்டவும் ஆள் உண்டு. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் இருக்கிறது. சைக்கிள் வளைவில் திரும்பும்போது சாய்ந்து திரும்புகிறது. அதனால் பாரம் கம்பிகளின் நேருக்கே இறங்குகிறது. தள்ளுவண்டியோ சாயாது. நான்கு சக்கர வண்டியை நின்ற இடத்தில் திருப்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடுகின்றன. போக்ஸ் கம்பிகள் தளர்ந்து, ரிம் எட்டு விழுந்துவிடுகிறது. மாதம் ஒரு முறை கோட்டம் எடுக்க வேண்டியதாகிறது.

மற்றொன்று, சைக்கிள் சக்கரத்தின் அச்சு விரல் கனம்கூட இராது. இரண்டு பக்கமும் கவட்டை பிடித்திருந்தால்தான் அது தாங்கும். சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பற்றவைத்து நிறுத்தினால் நாளடைவில் வளைந்துவிடும். கடலை, பழம், பூ போன்ற லேசான வியாபாரத்துக்குச் சைக்கிள் சக்கரம் ஏற்றது. அடுப்பும் தண்ணீரும் ஏறும் வண்டிக்கு உகந்தது அல்ல.

ஸ்கூட்டர், ஆட்டோ சக்கரம்: நம் கணக்கிலுள்ள 240 கிலோ வண்டிக்கு இதுவே பொருத்தம். பழைய பஜாஜ் ஸ்கூட்டர்களில் வந்த டயர் 3.50-10. ஆட்டோக்களில் பழக்கமானது 4.00-8. முதல் எண் டயரின் பருமன், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. ஆக்டிவா போன்ற இன்றைய ஸ்கூட்டர்களின் பின்சக்கரத்தில் வரும் 90/100-10 டயரும் அதே 10 அங்குல ரிம்மைச் சேர்ந்தது. ஆகையால் டயருக்கும் டியூபுக்கும் அலைய வேண்டியதில்லை.

பஜாஜ் ஸ்கூட்டரின் சக்கரம் ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து நிற்கும்படியே செய்யப்பட்டது. ஆகவே வண்டிச் சட்டத்தின் ஓரத்தில் இருசைப் பற்றவைத்து மாட்டினாலும் தாங்கும். இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒன்று 8, ஒன்று 10 என்று மாட்டினால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

கார் சக்கரம்: காயலான் கடையில், இங்கே ஆக்ரிக்கடை என்பார்கள், மாருதி 800 சக்கரம் கிடைத்தால் பலருக்கும் ஆசை வருகிறது. 12 அங்குல ரிம். டயரின் சுமை எண் 69 என்றிருந்தால் ஒரு டயரே 325 கிலோ தாங்கும். ஆனால் 240 கிலோ வண்டிக்கு 650 கிலோ தாங்கும் ஜோடி எதற்கு? ரிம், ஹப், டயர் எல்லாமாக வீண் எடையைத் தினமும் குன்றில் ஏற்ற வேண்டிவரும். இரண்டு பேர் தள்ளும் பெரிய வண்டிக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

மாட்டுவண்டி டயர்: 19 அங்குல ரிம்மில் வரும் இந்த டயர்கள் டன் கணக்கில் சுமக்கப் பிறந்தவை. ஓர் ஆள் தள்ளும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கெட்டி ரப்பர்ச் சக்கரம்: பஞ்சர் தொல்லை இல்லை என்று கடைக்காரர் புகழ்வார். உண்மைதான். சிமெண்டுத் தளத்தில், கட்டடத்துக்குள் உருட்ட நல்லது. மழைக்குப் பிந்திய சாலைக்கு ஆகாது. மேலே சொன்ன 133 கிலோவை நினைவில் வையுங்கள்.

பிரேக் இல்லாத வண்டி

ஏறும்போது வருவது களைப்பு. இறங்கும்போது வருவது ஆபத்து. 10க்கு 1 இறக்கத்தில் நம் வண்டி 20 கிலோ வேகத்தோடு ஆளை முன்னால் இழுக்கும். ரப்பர்ச் செருப்பு, நனைந்த சாலை, வண்டியில் கொதித்து ஆறாத எண்ணெய் என்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. கல்லைத் தேடி எடுத்து அடை வைப்பதற்குள் வண்டி போய்விடும்.

ஸ்கூட்டர் சக்கரத்தைச் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதன் குடத்துக்குள்ளேயே டிரம் பிரேக் இருக்கிறது. பழைய சக்கரம் வாங்கும்போது ரிம்மை மட்டும் வாங்காமல் டிரம், பிரேக் தட்டு, லைனிங் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். இரண்டு சக்கரத்திலிருந்தும் கேபிளை இழுத்துத் தள்ளும் கைப்பிடியில் ஒரு லீவர் மாட்டினால் பிரேக் தயார். கடை போட்ட இடத்தில் லீவரைப் பூட்டி வைக்க ஒரு கொக்கியும் வேண்டும். அதற்கு மேலும் இரண்டு மர அடைகளைச் சங்கிலியில் கட்டி வண்டியிலேயே தொங்கவிடுங்கள். தனியாக வைத்த அடை ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

இருசை வைக்கும் இடத்திலும் கவனம் தேவை. இரண்டு சக்கர வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, கைப்பிடிப் பக்கம் லேசாகக் கீழே அழுத்த வேண்டும். பாரம் பின்னுக்குப் போனால் ஏற்றத்தில் கைப்பிடி மேலே தூக்கிக்கொண்டு ஆளையும் தூக்கும். கார்களின் பின்னால் இழுக்கும் டிரெய்லர்களுக்கும் இதுவே விதி. மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இழுக்கும் கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பார்கள்.

பழைய டயர் வாங்குகிறவர்களுக்கு

தள்ளுவண்டி டயர் தேய்ந்து கெடுவது அபூர்வம். வெயிலிலும் எண்ணெயிலும் கெடுவதே அதிகம். ஆகவே பட்டன் ஆழமாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ம் ஆண்டின் 23ம் வாரம் செய்த டயர் என்று பொருள். பத்து வயதான டயரில் பட்டன் புதிதாக இருந்தாலும் வாங்காதீர்கள். பக்கச் சுவரைக் கையால் மடக்கிப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அது மண்ணெண்ணெயிலோ வெயிலிலோ வெந்த டயர். சுமை எண்ணையும் பாருங்கள். 51 என்றிருந்தால் 195 கிலோ தாங்கும். நம் 240 கிலோ வண்டிக்கு இப்படி ஒரு ஜோடி தாராளம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பஜாஜ் ஸ்கூட்டர், ஆட்டோ சக்கரங்களின் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து நட்டு போட்டு இணைக்கப்பட்டது. டியூபில் காற்று இருக்கும்போது அந்த இணைப்பு நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துச் சிதறும். பஞ்சர் பார்க்கும்போது முதலில் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, பிறகே நட்டில் கை வைக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பால்ரஸுக்கு வருஷத்தில் இரண்டு தடவை கிரீஸ் வைத்தால் போதும். இடவப்பாதி மழை தொடங்கும் முன்பு ஒன்று, துலாவர்ஷத்துக்கு முன்பு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வாரம் ஒரு முறை காற்றுப் பாருங்கள். காற்று குறைந்த டயரோடு தள்ளுவது ஈர மணலில் தள்ளுவது போலத்தான். அடுப்பைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டாம். சூடும் சிந்தும் எண்ணெயும் ரப்பருக்குப் பகை.

எல்லைக்கு இரு பக்கமும் ரப்பர் பால் வெட்டும் நம் தொழிலாளர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த மண்ணில் சுரக்கும் பாலுக்கும் டயருக்கும் உறவு உண்டு. கேரளத்தைச் சேர்ந்த கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, 1946ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனியாக வளர்ந்தது. மலையாளி தமிழ்நாட்டில் செய்த டயரை, தமிழன் மலையாள நாட்டில் உருட்டிப் பிழைக்கிறான்.

பின்னால் கட்டி இழுக்கலாமா?

தள்ளிக் களைத்தவர்களுக்கு ஒரு யோசனை வருவது இயற்கை. வண்டியை ஸ்கூட்டரின் பின்னாலோ ஆட்டோவின் பின்னாலோ கயிறு கட்டி இழுத்தால் என்ன? வெளிநாடுகளில் சிலர் விடுமுறையில் தங்குவதற்கு ஒரு சிறு அறையையே டிரெய்லராக வீட்டில் செய்து, காரின் பின்னால் இழுத்துப் போகிறார்கள். காரின் சக்கரமே டிரெய்லருக்கும் பொருந்தும்படி செய்துகொள்வோரும் உண்டு. ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும் அல்லவா! நம்மவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். நாம் நடக்கும் வழியில் எந்தச் சக்கரத்துக்கு டியூப் கிடைக்குமோ அந்தச் சக்கரமே நல்ல சக்கரம்.

ஆனால் இழுக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவது எதுவோ அதுவே டிரெய்லர். கையால் தள்ளும் வரை அது வெறும் தள்ளுவண்டி. ஆட்டோவின் பின்னால் கட்டிய நிமிஷமே அது பதிவு செய்யாத வாகனமாகிவிடும். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடைவேகத்துக்குச் செய்த இருசும் பிரேக்கும் 30 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காது. விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் தலையில் விழக்கூடும்.

வண்டிக்கு அளவு கொடுக்கும் முன்பு நகராட்சியிலோ பஞ்சாயத்து ஆபீசிலோ விசாரித்துக்கொள்ளுங்கள். 2014ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பவர்களோடு வண்டியில் சுற்றி விற்பவர்களையும் அங்கீகரிக்கிறது. அனுமதித்த அகலத்துக்கு மேல் வண்டி செய்துவிட்டுப் பிறகு அறுத்துக் குறைப்பது இரட்டைச் செலவு.

பணம் கொடுக்கும் முன்பு

பட்டறைக்காரருக்கு மீதிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், ஒரு சோதனை செய்யுங்கள். தினமும் போக வேண்டிய வழியில் மிகச் செங்குத்தான ஏற்றத்துக்கு வண்டியைக் கொண்டு போங்கள். நீங்கள் எழுதிய கணக்கில் சட்டம் தவிர்த்த எடை எவ்வளவோ, அவ்வளவுக்கு மணல் மூட்டை ஏற்றுங்கள். நம் டீ வண்டிக்கு 130 கிலோ. கூட ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகத் தள்ளிப் பாருங்கள். பாதி ஏற்றத்தில் நின்று, பிரேக்கைப் பூட்டி, கையை மெதுவாக எடுங்கள். வண்டி நிற்க வேண்டும். பிறகு இறங்கி வாருங்கள். ஒரு கையால் பிரேக்கைப் பிடித்து நிறுத்த முடிய வேண்டும்.

நிற்கவில்லை என்றால் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் மற்றவர்களும் தள்ளப் போகும் வண்டியாக இருந்தால், அவர்களையும் அழைத்துப் போய் இதே சோதனையைச் செய்து பாருங்கள். உங்களுக்கு எட்டும் லீவர் அவர்கள் கைக்கு எட்டாமல் போகலாம்.